5000 பயனர் சுமைச் சோதனை: 4000-ஐத் தாண்டியதும் "நேட்டிவ் த்ரெட் உருவாக்க முடியவில்லை" – ஹீப்பைக் கூட்டியும் தீரவில்லை

நிழல்மரம்:

அனைவருக்கும் வணக்கம். ஒரு வலைச் செயலிக்கு ஜேமீட்டரில் (ஜாவாவில் ஓடும் சுமைச் சோதனைக் கருவி; ஒவ்வொரு பயனருக்கும் ஒரு த்ரெட், அதாவது தனி இயக்க இழை, திறக்கும்) 5000 பயனர் சுமைச் சோதனை ஓட்ட வேண்டியிருக்கிறது. சுமை கொடுக்கும் இயந்திரம் சென்ட்ஓஎஸ் 7, 8 கோர், 16 ஜிபி ராம். ஜியுஐ இல்லாமல் கமாண்ட் லைனில்தான் ஓட்டுகிறேன். பயனர் எண்ணிக்கை படிப்படியாக ஏறுகிறது. 4000-ஐத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் "அவுட் ஆஃப் மெமரி எரர்: அனேபிள் டு கிரியேட் நியூ நேட்டிவ் த்ரெட்" என்று வந்து நின்றுவிடுகிறது.

ஹீப் (ஜாவா ஆப்ஜெக்டுகளுக்கான நினைவகம்) 1 ஜிபியாக இருந்தது. 4 ஜிபி ஆக்கினேன், பிறகு 10 ஜிபி. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் விழுகிறது. அந்த நேரத்தில் ராமில் நிறைய இடம் காலியாகவும் இருக்கிறது. இன்னொரு விசித்திரம்: பக்கத்து டீமில் ஒருவர் ரூட் (முழு அதிகாரமுள்ள) பயனராக நுழைந்து அதே ஸ்கிரிப்டை ஓட்டினார், 5000-மும் திறந்துகொண்டன. எங்கே தேடுவது என்று சொல்லுங்கள்.

வெள்ளிமீன்:

ஹீப்பைக் கூட்டுறது இதுக்கு மருந்து இல்லங்க. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஸ்டேக் (அந்த த்ரெட்டோட வேலை நினைவகம்) தனியா வேணும், அது ஹீப்புக்கு வெளியில இருக்கு. 64 பிட் லினக்ஸ்ல ஒரு த்ரெட்டுக்கு 1 எம்பி. ஹீப்புக்கு அதிகமா கொடுத்தா ஸ்டேக்குக்கு மிஞ்சுறது குறையும். எக்ஸ்எஸ்எஸ் ஆப்ஷன்ல ஸ்டேக்கை 256 கேபி ஆக்கிப் பாருங்க.

கோடைமழை:

வெள்ளிமீன் சொன்னதில் முதல் பாதி சரி. ஹீப்பை ஏற்ற ஏற்ற ஸ்டேக்குக்கு இடம் சுருங்கும் என்பது 32 பிட் காலத்தில் கண்முன் நடந்த விஷயம். விண்டோஸ் 32 பிட் ப்ராசஸுக்குப் பொதுவாக 2 ஜிபி முகவரி வெளிதான். ஹீப்புக்கு 1 ஜிபி கொடுத்தால் ஆயிரம் த்ரெட்டைத் தொடுவதே பாடு. ஆனால் 64 பிட்டில் அந்த 1 எம்பி என்பது ஒதுக்கிவைத்த முகவரிதான். த்ரெட் எந்தப் பக்கங்களைத் தொட்டு எழுதுகிறதோ அவ்வளவுதான் நிஜ ராம் போகும். டாப் கமாண்டில் விர்ட் (ஒதுக்கிய முகவரி) நெடுவரிசை பயமுறுத்தும், ரெஸ் (நிஜ ராம்) நெடுவரிசை அதில் சிறு பங்காக இருக்கும்.

நிழல்மரம், உங்கள் கேள்விக்குள்ளேயே இரண்டு தடயங்கள் இருக்கின்றன. ஹீப்பை 1, 4, 10 என்று மாற்றியும் விழும் எண் மாறவில்லை. நினைவகம்தான் காரணம் என்றால் அந்த எண் நகர்ந்திருக்க வேண்டும். இரண்டாவது, ரூட்டாக ஓட்டினால் ஓடுகிறது. ராம் பற்றாக்குறை யார் நுழைந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. எண்ணிக்கை எல்லை பார்க்கும்.

இந்த எரர் வரியில் "மெமரி" என்ற சொல் இருப்பதால் பலரும் அங்கேயே தேடுகிறார்கள். ஜேவிஎம் (ஜாவா நிரல்களை ஓட்டும் மென்பொருள்) இயங்குதளத்திடம் ஒரு த்ரெட் கேட்டது, இயங்குதளம் மறுத்துவிட்டது. அந்த வரிக்கு அதற்கு மேல் தெரியாது. சென்ட்ஓஎஸ் 7-இல் லிமிட்ஸ் டி கோப்புறைக்குள் 20-என்ப்ராக் என்றொரு கோப்பு இருக்கும், திறந்து பாருங்கள். சாதாரணப் பயனருக்கு சாஃப்ட் எல்லை (ஹார்ட் எல்லை வரை உயர்த்திக்கொள்ளக்கூடியது) 4096, ரூட்டுக்கு எல்லை இல்லை. பெயர் ப்ராசஸ் எண்ணிக்கை என்றிருந்தாலும் லினக்ஸ் கெர்னல் ஒவ்வொரு த்ரெட்டையும் தனி டாஸ்க்காகவே எண்ணுகிறது. அந்தப் பயனர் பெயரில் ஓடும் எல்லா த்ரெட்டும் அதே கணக்கில் சேரும். ஜிசி (பயன்படாத நினைவகத்தை மீட்கும் வேலை), கம்பைலர் என்று ஜேவிஎம் தனக்காக வைத்திருப்பவையும் சேரும். 4096-க்குச் சற்று முன்பே நீங்கள் நிற்பது அதனால்தான்.

யுலிமிட் கமாண்டை யு ஆப்ஷனோடு ஓட்டி, வரும் எண்ணை இங்கே போடுங்கள். ரூட்டாக ஓட்டுவதைத் தீர்வாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சோதனைக்கான பயனருக்கு மட்டும் எல்லையை உயர்த்துங்கள்.

பைட்தச்சன்:

கோடைமழை சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க. ஜேமீட்டர் சர்வரை சிஸ்டம்டி (லினக்ஸ்ல பின்னணிச் சேவைகளை நடத்துறது) சர்வீஸா ஓட்டினா அந்த லிமிட்ஸ் கோப்பை யாரும் படிக்க மாட்டாங்க. அது லாகின் பண்ணி வர்ற ஷெல்லுக்குத்தான் பொருந்தும். சர்வீஸ் ஃபைல்ல லிமிட்என்ப்ராக், டாஸ்க்ஸ்மேக்ஸ் ரெண்டையும் தனியா எழுதணும். கன்டெய்னர்ல ஓட்டினா சிகுரூப்போட (ப்ராசஸ் குழுவுக்கு கெர்னல் வைக்கிற வரம்பு) பிட்ஸ் எல்லை, அதாவது ப்ராசஸ், த்ரெட் எண்ணிக்கை எல்லை, வேற இருக்கும். நிறைய பேரு ஒரு இடத்துல ஏத்திட்டு, "ஏத்தினேனே, ஏன் இன்னும் வருது"ன்னு நிக்கிறது இங்கதான்.

இதெல்லாம் தாண்டினா கெர்னலோட பொது எல்லைகள். பிட்மேக்ஸ் (மொத்த ப்ராசஸ், த்ரெட் எண்களுக்கான வரம்பு) உங்க மெஷின்ல 32768 இருக்கும். மேப் (ஒரு ப்ராசஸ் பிடிச்சு வச்சிருக்கிற நினைவகத் துண்டு) எண்ணிக்கை எல்லை வழக்கமா 65530. ஒரு ஜாவா த்ரெட் ஸ்டேக்குக்கு ஒண்ணு, கார்ட் பேஜுக்கு (ஸ்டேக் எல்லை மீறாம காக்கிற பக்கம்) ஒண்ணுன்னு ரெண்டு மேப் எடுக்கும். அதனால ஒரே ஜேவிஎம்ல முப்பதாயிரம் த்ரெட்டுக்கு மேல யோசிக்கிறவங்க அதையும் பார்க்கணும். 5000-க்கு இது ரெண்டும் தொந்தரவு தராது.

நிழல்மரம்:

ஐயா, அப்படியே இருக்கிறது: 4096. சோதனைப் பயனருக்கு 16384 ஆக்கிவிட்டு மறுபடி லாகின் செய்து ஓட்டினேன். ஹீப்பையும் பழையபடி 1 ஜிபிக்கே கொண்டுவந்துவிட்டேன். 5000 த்ரெட்டும் திறந்தன. மிக்க நன்றி.

ஆனால் இப்போது வேறு இரண்டு. முதலில் சில நூறு வேண்டுகோள்கள் "டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்" என்று தோற்கின்றன. கொஞ்ச நேரம் கழித்து "ஜாவா ஹீப் ஸ்பேஸ்" வந்து முழுவதுமாக விழுகிறது.

பைட்தச்சன்:

முதல் எரர் சுலபம். ஒவ்வொரு டிசிபி இணைப்பும் ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த ஃபைலுக்கும் இணைப்புக்கும் இயங்குதளம் கொடுக்கிற எண்). சாஃப்ட் எல்லை 1024-ஆ இருந்தாலும் ஹாட்ஸ்பாட் ஜேவிஎம் கிளம்பும்போதே ஹார்ட் எல்லை வரைக்கும் தானா ஏத்திக்கும். உங்க ஹார்ட் எல்லை 4096-ஆ இருக்கும், அதான் ஆயிரத்துல விழாம நாலாயிரத்துக்கு மேல சிலது மட்டும் தோக்குது. நோஃபைல் எல்லையோட ஹார்ட் மதிப்பை 65536-க்கு ஏத்துங்க.

ரெண்டாவதுதான் உண்மையான ஹீப் பிரச்சினை. இதைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன். ஜேமீட்டர் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் டெஸ்ட் பிளான் மரத்தை நகல் எடுத்துக் கொடுக்கும். அதனால ஸ்கிரிப்ட்ல நூறு சாம்ப்ளர் (வேண்டுகோள் அனுப்புற உறுப்பு) இருந்தா 5000 த்ரெட்டுக்கு அஞ்சு லட்சம் சாம்ப்ளர் ஆப்ஜெக்ட். அதுக்கு மேல பதில்கள். ஒரு பக்கம் 200 கேபின்னு வைங்க, 5000 பேரும் ஒரே நேரத்துல பதிலைக் கையில வச்சிருந்தா அதுவே 1 ஜிபி. உங்க மொத்த ஹீப்பும் அவ்வளவுதான். ரிசல்ட் ட்ரீ லிஸனர் (பதில்களை நினைவகத்துல வச்சுக் காட்டுறது) ஸ்கிரிப்ட்ல இருந்தா எடுத்திடுங்க. பதிலோட உள்ளடக்கம் தேவையில்லாத வேண்டுகோள்கள்ல "எம்டி5 ஹாஷா சேமி"ன்னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கு, அதைப் போடுங்க. பதில்ல இருந்து டோக்கன் எடுக்கிற இடங்கள்ல மட்டும் போடாதீங்க, எக்ஸ்ட்ராக்டருக்கு ஒண்ணும் கிடைக்காது. ரிசல்ட் ஃபைல் சிஎஸ்வியா இருக்கட்டும், எக்ஸ்எம்எல் வேண்டாம்.

இவ்வளவும் பண்ணிட்டு ஹீப்பை 4 ஜிபிக்கு ஏத்துங்க. 10 கொடுக்காதீங்க. ஹீப்பு போக ஸ்டேக், மெட்டாஸ்பேஸ், டைரக்ட் பஃபர், எஸ்எஸ்எல் எல்லாம் வெளியில இருந்து எடுக்கும். அதுக்கு இடம் விடலைன்னா கெர்னலோட ஓஓஎம் கில்லர் ப்ராசஸைக் கொன்னுடும், ஜாவா எரர்கூட வராது. கன்டெய்னர்ல இருந்தா எக்ஸிட் கோடு 137-ன்னு மட்டும் தெரியும்: 128 கூட்டல் சிக்னல் 9. எது எவ்வளவு எடுக்குதுன்னு பார்க்க ஜேவிஎம்ல நேட்டிவ் மெமரி டிராக்கிங்கைப் போட்டு ஜேசிஎம்டி கமாண்ட்ல கேளுங்க, ஹீப், த்ரெட், ஜிசின்னு வகை வாரியா பிரிச்சுக் காட்டும்.

ஸ்டேக்கை 256 கேபி ஆக்குறதைப் பத்தி வெள்ளிமீன் சொன்னாரு. தேவை வந்தா பண்ணலாம். ஆனா ஜாவாவோட ரெகுலர் எக்ஸ்பிரஷன் சில வடிவங்கள்ல உள்ளுக்குள்ளயே ரிகர்ஷனா ஓடும். பெரிய பதில்ல அப்படி ஒரு ரெஜெக்ஸ் போட்டிருந்தா ஸ்டேக் ஓவர்ஃப்ளோ வரும். குறைச்ச பிறகு முழு ஸ்கிரிப்டையும் ஒரு தடவை உண்மையான பதில்களோட ஓட்டிப் பார்த்துடுங்க.

கல்தூண்:

ஒரு அடிப்படைக் கேள்வி. உங்களுக்கு 5000 த்ரெட் உண்மையிலேயே வேண்டுமா? தேவை ஆவணத்தில் என்ன எழுதியிருக்கிறது? பயனர் எண்ணிக்கையா, நொடிக்கு இத்தனை வேண்டுகோள் என்றா?

லிட்டில் விதி, ஜான் லிட்டில் 1961-இல் நிறுவியது: அமைப்புக்குள் இருக்கும் எண்ணிக்கை = வரும் வேகம் × ஒருவர் உள்ளே தங்கும் நேரம். பதில் நேரம் அரை நொடி, பக்கத்தைப் படிக்கும் திங்க் டைம் 9.5 நொடி என்றால் ஒரு சுற்று 10 நொடி. 5000 பேர் சேர்ந்து நொடிக்கு 500 வேண்டுகோள். திங்க் டைமை எடுத்துவிட்டால் அதே 500-ஐ 250 த்ரெட் கொடுத்துவிடும். 5000 த்ரெட்டில் 4750 சும்மா தூங்கத்தான் போகின்றன.

நிழல்மரம்:

ஆவணத்தில் "ஒரே நேரத்தில் 5000 பயனர், நொடிக்கு 500 வேண்டுகோள்" என்று இரண்டுமே இருக்கிறது. நீங்கள் சொன்ன திங்க் டைம் கணக்கும் ஏறக்குறைய எங்களுடையதுதான்.

கோடைமழை:

கல்தூண், கணக்கு சரி. ஆனால் இந்தச் சுருக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். 250 த்ரெட்டும் 5000 பயனரும் சர்வருக்கு ஒன்றல்ல. 5000 பேர் என்றால் 5000 செஷன், 5000 திறந்த இணைப்பு, ஒவ்வொன்றுக்கும் டிஎல்எஸ் (இணைப்பைக் குறியாக்கும் முறை) நிலை. சர்வரின் நினைவகம் எங்கே உடையும் என்பதை 250 த்ரெட்டால் காட்ட முடியாது. தேவையில் இரண்டு எண்ணும் எழுதியிருக்கும்போது ஒன்றை மட்டும் சோதித்துவிட்டு இரண்டுக்கும் பச்சைக்கொடி காட்டுவது நேர்மையாகாது.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. சர்வர் 10 நொடி உறைந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜத்தில் அந்த இடைவெளியில் 5000 வேண்டுகோள் வந்திருக்கும், ஒவ்வொன்றும் காத்துக் கிடந்திருக்கும். உங்கள் 250 த்ரெட்டும் தலா ஒரு வேண்டுகோளோடு மாட்டிக்கொண்டு நிற்கும், புதிதாக எதையும் அனுப்பாது. அறிக்கையில் 250 மெதுவான பதில்கள்தான் பதிவாகும். 99-ஆம் சதமானம் (நூறில் 99 பதில்கள் எவ்வளவு நேரத்துக்குள் வந்தன என்ற அளவு) அழகாகத் தெரியும். ஜாவா செயல்திறன் வல்லுநர் கில் டெனே இதற்கு "கோஆர்டினேட்டட் ஒமிஷன்" என்று பெயர் வைத்துப் பல ஆண்டுகளாக எச்சரித்துவருகிறார். அவர் டபிள்யூஆர்கே2 கருவியை எழுதியதே இதற்காகத்தான்.

கல்தூண்:

ஏற்றுக்கொள்கிறேன், செஷன் நினைவகத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. அப்படியானால் இரண்டு சோதனையாகப் பிரிக்கலாம். 5000 பயனர் திங்க் டைமோடு ஒன்று. வேகத்தை நிலையாக வைத்து, சர்வர் தாமதித்தாலும் அனுப்புவதை நிறுத்தாத திறந்த மாதிரியில் இன்னொன்று. ஜேமீட்டர் 5.5-இலிருந்து ஓப்பன் மாடல் த்ரெட் குரூப் இருக்கிறது, அது இதற்குத்தான். ஒரு எச்சரிக்கை: சர்வர் உறைந்தால் அது த்ரெட்டுகளைத் திறந்துகொண்டே போகும். ஆகவே இப்போது உயர்த்திய எல்லைகள் அங்கேயும் வேண்டும்.

வெள்ளிமீன்:

இவ்வளவு பாடு எதுக்குங்க, த்ரெட்டே இல்லாத கருவிக்குப் போயிடலாமே? கேட்லிங் நெட்டி (ஜாவா நெட்வொர்க் நூலகம்) மேல ஓடுது, பயனருக்கு ஒரு த்ரெட்னு கிடையாது. கே6 கோ மொழியில இருக்கு, கோரூட்டினோட (கோ மொழியோட இலகு த்ரெட்) ஆரம்ப ஸ்டேக் வெறும் 2 கேபி.

பைட்தச்சன்:

2 கேபிங்கிறது கோரூட்டினுக்கு மட்டும். கே6-ல ஒவ்வொரு பயனருக்கும் தனி ஜாவாஸ்கிரிப்ட் ரன்டைம் உண்டு. எளிய ஸ்கிரிப்டுக்கே பயனருக்கு 1 முதல் 5 எம்பின்னு அவங்க ஆவணமே சொல்லுது. 5000 பயனருக்கு 5-லிருந்து 25 ஜிபி. அவர்கிட்ட இருக்கிறது 16. லோகஸ்ட்ங்கிற பைத்தான் கருவி கிரீன்லெட்ல (இலகு த்ரெட்) ஓடுறதால பயனருக்கு நினைவகம் கம்மி, ஆனா ஒரு பைத்தான் ப்ராசஸ் ஒரு கோரைத்தான் பயன்படுத்தும். கோருக்கு ஒரு வொர்க்கர் வைக்கணும். கேட்லிங் உண்மையிலேயே சிக்கனம்தான், ஸ்கிரிப்டை முழுசா திரும்ப எழுத நேரம் இருந்தா தாராளமா போகலாம். எந்தக் கருவிக்குப் போனாலும் ஃபைல் டிஸ்கிரிப்டரும் போர்ட்டும் அதே இயங்குதளத்துலதான் இருக்கு, அதுல சலுகை கிடையாது.

போர்ட்னு சொன்னதும் ஞாபகம் வருது. லினக்ஸ்ல வெளிச்செல்லும் இணைப்புக்கான போர்ட்டுகள் 32768-லிருந்து 60999 வரை, மொத்தம் 28232. நம்ம பக்கம் முதல்ல மூடின இணைப்போட போர்ட் 60 நொடி டைம் வெயிட்ல கிடக்கும். ஒரே சர்வர் முகவரிக்கு, ஒரே ஐபியிலிருந்து, வேண்டுகோளுக்கு ஒரு புது இணைப்பு திறந்தா நொடிக்கு 470-க்கு மேல தொடர்ந்து போக முடியாது. நிழல்மரம், உங்க இலக்கு 500! கீப் அலைவ் (ஒரே இணைப்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துறது) போட்டிருக்கான்னு பாருங்க. போட்டிருந்தாலும் ஜேமீட்டர் 5.0-க்குப் பிறகு ஒவ்வொரு இட்டரேஷன் (ஸ்கிரிப்டோட ஒரு சுற்று) தொடக்கத்துலயும் இணைப்பை மூடிப் புதுசா திறக்கிறதுதான் இயல்பு அமைப்பு. ஒரு இட்டரேஷன்ல ஒரே ஒரு வேண்டுகோள்தான்னா கீப் அலைவ் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

நிழல்மரம்:

எல்லாவற்றையும் செய்துவிட்டேன். எம்டி5, சிஎஸ்வி, ஹீப் 4 ஜிபி, நோஃபைல் 65536. இட்டரேஷனுக்கு இருபதுக்கு மேல் வேண்டுகோள் இருப்பதால் போர்ட் தொல்லை வரவில்லை. 5000 பயனரும் கடைசிவரை நின்றார்கள், ஒரு எரரும் இல்லை.

ஆனால் வேகம் நொடிக்கு 200-ஐத் தாண்டவில்லை. சராசரி பதில் நேரம் 15.5 நொடி என்கிறது ஜேமீட்டர். சர்வர் டீம் தங்கள் டாம்கேட் (ஜாவா வலைச் சர்வர்) லாகைக் காட்டி, "எங்கள் பக்கம் 1 நொடிதான் ஆகிறது, மீதி 14.5 நொடி உங்கள் கருவியின் கோளாறு" என்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது?

கோடைமழை:

நல்ல இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். தராசைச் சரிபார்த்துவிட்டு எடையைப் பற்றிப் பேசுவோம். அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி, அதை எண்களால் தீர்க்க வேண்டும்.

முதலில் உங்கள் பக்கம். ஜிசி லாகைப் போட்டு ஓட்டுங்கள். ஜேவிஎம் பல நொடி நிற்கும் ஃபுல் ஜிசி நடந்தால், அப்போது பதிலுக்குக் காத்திருந்த எல்லா வேண்டுகோளின் நேரத்திலும் அந்த நொடிகள் கூடிவிடும். சர்வர் எப்போதோ பதில் தந்திருக்கும். அடுத்து சிபியு: 8 கோரும் 90 சதவீதத்துக்கு மேல் ஓடினால் உங்கள் நேர அளவீட்டை நம்ப முடியாது. மூன்றாவதுதான் அறுதியான சோதனை. இன்னொரு இயந்திரம் எடுத்து 2500, 2500 ஆகப் பிரித்து ஓட்டுங்கள். மொத்த வேகம் 200-ஐ விட்டு ஏறினால் முட்டுக்கட்டை உங்கள் இயந்திரம். அதே 200-இல் நின்றால் சர்வர். கூடவே, 2500 பயனரோடு ஓடும் இயந்திரத்தில் காட்டும் பதில் நேரம் முன்பு 5000-இல் பார்த்ததோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

நிழல்மரம்:

ஓட்டிவிட்டேன். ஜிசியில் அரை நொடியைத் தாண்டிய இடைநிறுத்தம் ஒன்றுகூட இல்லை. சிபியு பாதிக்கும் கீழே. இரண்டு இயந்திரத்திலும் சேர்த்து நொடிக்கு அதே 200, பதில் நேரமும் அதே 15.5.

கல்தூண்:

அப்படியானால் லிட்டில் விதியையே அவர்களிடம் போடுங்கள். 5000 பேர், நொடிக்கு 200: ஒரு சுற்று 25 நொடி. அதில் திங்க் டைம் 9.5 போக மீதி 15.5. உங்கள் கருவி காட்டும் எண் தனக்குத்தானே பொருந்துகிறது.

இப்போது அவர்கள் எண். நொடிக்கு 200, ஒவ்வொன்றும் 1 நொடி என்றால் டாம்கேட்டுக்குள் 200 வேண்டுகோள். டாம்கேட்டின் மேக்ஸ்த்ரெட்ஸ் இயல்பு மதிப்பு 200! ஆக எல்லா வொர்க்கர் த்ரெட்டும் நிரம்பிக் கிடக்கிறது. உங்கள் கணக்குப்படி எந்த நேரத்திலும் பதிலுக்காக நிற்பவை 200 × 15.5 = 3100. அதில் 200 த்ரெட்டுக்குள், மீதி 2900 வாசலில். இயல்பில் 8192 இணைப்பு வரை டாம்கேட் ஏற்றுக்கொள்ளும் என்பதால் யாரையும் திருப்பி அனுப்பவில்லை, எரரும் வரவில்லை. 2900-ஐ 200-ஆல் வகுத்தால் 14.5 நொடி. த்ரெட் கையில் எடுத்த பிறகுதான் டாம்கேட் லாகில் பதிவாகும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. வாசலில் நின்ற நேரம் அதில் இல்லை. இரண்டு பேர் சொல்வதும் உண்மை. பயனர் அனுபவிப்பது 15.5.

பைட்தச்சன்:

அருமையா பொருந்துது. இன்னும் ஒரு அடி உள்ள போகலாம். அந்த 1 நொடியில த்ரெட் என்ன பண்ணுது? சுமை ஓடும்போதே சர்வர்ல ஜேஸ்டாக் (ஒவ்வொரு த்ரெட்டும் எங்க நிக்குதுன்னு காட்டுற பட்டியல்) எடுக்கச் சொல்லுங்க, சில நொடி விட்டு ரெண்டு மூணு தடவை. செயலி ஸ்பிரிங் பூட்டுல (ஜாவா வலைச் செயலிக் கட்டமைப்பு) எழுதினதா இருந்தா, ஹிகாரி பூல்ல (டேட்டாபேஸ் இணைப்புகளைச் சேர்த்து வச்சுத் தர்றது) இணைப்புக்கு நிக்கிற த்ரெட் வரிசையா தெரியும்னு நினைக்கிறேன். அதோட இயல்பு மதிப்பு 10.

நிழல்மரம்:

ஜேஸ்டாக் வந்துவிட்டது. 200-இல் 190 த்ரெட் ஹிகாரியின் கெட்கனெக்ஷனில் நிற்கின்றன. பூல் அளவு யாரும் மாற்றவில்லை, 10-தான். ஒரு வேண்டுகோள் டேட்டாபேஸ் இணைப்பைக் கையில் வைத்திருக்கும் நேரம் சராசரி 50 மில்லிநொடி என்கிறார்கள். பூலை 100 ஆக்கிவிடலாமா என்று கேட்கிறார்கள்.

கோடைமழை:

10 இணைப்பு, ஒவ்வொன்றும் 50 மில்லிநொடி: நொடிக்குச் சரியாக 200. உங்கள் உச்சவரம்பு எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிட்டது.

100 வேண்டாம். நொடிக்கு 500 வேண்டுமென்றால் 500 × 0.05 = 25 இணைப்பு எப்போதும் வேலையில் இருக்கும். 30-இல் தொடங்குங்கள், ஏற்றியதும் அந்த 50 மில்லிநொடி 50-ஆகவே நிற்கிறதா என்று பாருங்கள். அது 100 ஆகிவிட்டால் முட்டுக்கட்டை டேட்டாபேஸுக்கு நகர்ந்திருக்கிறது, பூலை ஏற்றுவதில் பயனில்லை. போஸ்ட்கிரஸ் என்றால் மேக்ஸ்கனெக்ஷன்ஸ் இயல்பு மதிப்பு 100, ஒவ்வொரு இணைப்புக்கும் அங்கே தனி ப்ராசஸ். சோதனைச் சூழலில் ஒரே ஒரு இன்ஸ்டன்ஸ் (ஓடும் செயலியின் பிரதி) என்பதால் 30 தாங்கும். புரொடக்ஷனில் நான்கு இன்ஸ்டன்ஸ் ஓடினால் 120 கேட்கும், டேட்டாபேஸ் மறுக்கும். புரொடக்ஷனில் எத்தனை இன்ஸ்டன்ஸ் என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.